இரண்டாவது பிரேக்

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் இருதயப் படப் பிரிவில், முட்டி வலி உள்ளவர்கள் ஓட வேண்டியதில்லை. அவர்களுக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒருவர் வந்து ஓடினால் போதும்.

படம் இரண்டு எடுப்பார்கள். இருதயம் சும்மா இருக்கும்போது ஒன்று, பதறி அடிக்கும்போது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றுவார்கள். கதிர்வீசும் மருந்து என்பதால் ஈயப் பெட்டியில் வரும். அது ரத்தத்தோடு போய் இருதயத்தின் சதையில் உட்கார்ந்துகொண்டு சன்னமாக மினுங்கும். அந்த மினுக்கத்தைத்தான் காமிரா பிடிக்கிறது. ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. படத்தில் அந்த இடம் இருட்டாகத் தெரியும். குழாயில் அடைப்பு இருந்தாலும் சும்மா இருக்கிற இருதயம் எப்படியோ சமாளித்து நல்ல பிள்ளையாக நடித்துவிடும். வேலை கொடுத்தால்தான் அதன் குட்டு வெளிப்படும். அதற்காகத்தான் ஓட்டம்.

ஓட முடியாதவர்கள் காமிராவுக்கு அடியில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் படுத்துக்கொள்வார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரெட்மில்லில் அவர்கள் வீட்டு ஆள் ஓடுவார். யார் ஓடினால் படுத்திருப்பவரின் இருதயம் பதறுகிறதோ அவர்தான் ஓடலாம். இதில் சிபாரிசு செல்லாது. ஒரு முதலாளி, மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கிய பையனைக் கூலிக்குக் கூட்டிவந்து ஓடவிட்டார். பையன் பிரமாதமாக ஓடினான். முதலாளியின் இருதயம் அதைப் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு கிடந்தது. தனியாக வாழ்ந்த ஒரு அம்மாளுக்கு அவர் வளர்த்த வெள்ளாடு ஓடியது. அதிலிருந்து டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் குளம்புக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றும் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

சங்கரலிங்கத்துக்கு யார் ஓடுவது என்று அவர் வீட்டில் பேச்சே எழவில்லை. மனைவி ரஞ்சிதம் இருக்கிறாள், பிறகென்ன. மகள் மாசமாக இருந்தாள். மருந்து ஏறியவர்கள் பக்கத்தில் மாசமாக இருப்பவர்கள் அன்றைக்கு முழுக்க அண்டக் கூடாது. "நீ ஃபோன்ல இரு, அது போதும்" என்று ரஞ்சிதம் அவளிடம் சொல்லிவிட்டாள். மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துவைத்து, மொட்டை மாடியில் ஒரு வாரம் அவருக்குத் தெரியாமல் ஓடிப் பழகினாள். வடகம் காயப்போடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்த வாரம் வடகமே வீட்டுக்கு வராததை அவர் கேட்கவில்லை.

கேட்கிற ஆள் இல்லை அவர். சங்கரலிங்கம் உதயம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். அவர் கார்களில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று, ஓட்டப் பழகுபவரின் காலடியில். இரண்டாவது, இடப்பக்கம் உட்காரும் மாஸ்டரின் காலடியில். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அத்தனை பேரும் அவரை ஒருமுறையாவது லாரிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் இரண்டாவது பிரேக்கை மெல்ல மிதித்துவிட்டு, "பரவால்ல, அடுத்த தடவ கண்ணாடியப் பாத்துக்கோங்க" என்பார். குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட அன்றும் அப்படித்தான் சொன்னாராம். முட்டி தேய்ந்தது அந்த பிரேக்கினால்தான். நெஞ்சு வலி எதனால் வந்தது என்று தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சுமேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு மாதம் முன்பு சொன்னார். அதையும், மின்சாரக் கட்டணம் கட்டியாச்சு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் ரஞ்சிதத்துக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்கில் உட்காரவைத்தார். அவள் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, அவர் சொன்னபடியே கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோயிற்று. மறுபடியும் செய்தாள். மறுபடியும் குலுக்கிக்கொண்டு அணைந்தது. "உனக்கு இது சரிப்படாது, ரஞ்சிதம்" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். பிறகு அவருடைய தங்கை தனபாக்கியம் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் காரில் போய்வந்தாள். ரஞ்சிதம் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மண்டையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

படத்துக்கு முந்தின நாளிலிருந்து காபி கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை. டீயும் கூடாது, சாக்லேட்டும் கூடாது. காபி உள்ளே இருந்தால் இருதயம் ஓட்டத்தை நம்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரஞ்சிதம் காபி பில்டரைத் துணிகளுக்கு நடுவிலும், தூள் டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஆழத்திலும் ஒளித்துவைத்தாள். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று காபியில் ஓடுகிற மனிதர் அன்றைக்கு வெறும் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். அவளும் குடிக்கவில்லை. அவர் எதிரில் எப்படிக் குடிப்பது?

அன்று சாயங்காலம் அரிவாள்மனையில் சேனைக்கிழங்கு நறுக்கும்போது அவளுடைய இடது ஆள்காட்டி விரல் சரக்கென்று அறுபட்டது. அவள் கத்திய சத்தம் கேட்டு அவர் வந்தார். நேரே போய் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு டப்பாவை எடுத்தார். ஒரு சிட்டிகை காபித்தூளை அள்ளி விரலில் வைத்து அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றதும் தன் பழைய கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். டப்பாவை மறுபடி அரிசிக்குள் புதைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பேப்பரை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை தனபாக்கியம் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். மூவருமாகப் போனார்கள். ரஞ்சிதம் தூக்குவாளியில் உளுந்த வடை கொண்டுபோனாள். ஊசிக்குப் பிறகு கொழுப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். அப்போதுதான் ஈரலில் தங்கின மருந்து நகர்ந்து இருதயத்துக்கு வழிவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் பூரி கொண்டுவந்திருந்தார்கள். அந்த வராந்தா எப்போதும் பந்தி வீடு மாதிரி மணக்கும்.

முதல் படம் ஒழுங்காக முடிந்தது. சும்மா இருக்கும்போது சங்கரலிங்கத்தின் இருதயம் முழுசாக, குறையில்லாமல் மினுங்கியது. படம் எடுக்கும் பிரிசில்லா வெளியே வந்து, "ஓடுறவங்க யாரும்மா?" என்று கேட்டாள். ரஞ்சிதம் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"காபி குடிச்சீங்களா?"

"நானா? இல்லையேம்மா. அவுகளுக்குத்தான கூடாதுன்னாங்க?"

"ஓடுறவங்களுக்கும் கூடாது. குடிக்கலேல்ல, அப்ப சரி."

அவர்களுக்கு முன்னால் ஒரு பேங்க் மேனேஜருடைய முறை. அவர் மனைவி ஓடக்கூட இல்லை. குனிந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவருடைய இருதயம் நூற்றைத் தாண்டிவிட்டது. "அக்கா, போதும், மேல ஏற வேணாம்" என்று பிரிசில்லா அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு வராந்தாவில் நடந்து போனாள். ரஞ்சிதம் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரஞ்சிதம் ஓடினாள். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு ஓட்டம். டிரெட்மில்லின் பட்டை தன்பாட்டில் மேட்டில் ஏறிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் பிடிபட்டவர் மாதிரி கிடந்தார். அவர் தலைமாட்டில் இருந்த பெட்டியில் எழுபத்திரண்டு என்று பச்சையில் எரிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. எழுபத்திரண்டு. ஷூவுக்குள் கால் எரிந்தது. எழுபத்திரண்டு. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வருகிற லாரியைப் பார்க்கிற அதே நிதானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்மா, இறங்கிருங்க" என்றாள் பிரிசில்லா.

"இன்னும் கொஞ்சம் ஓடுறேனே."

"விழுந்துருவீங்க. இறங்குங்க."

தனபாக்கியம் ஏற்கெனவே தலைப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். "தள்ளுங்க மதினி, நான் ஓடுறேன். என்ன இருந்தாலும் கூடப்பிறந்த ரத்தம்" என்றாள். அவள் ஓடியபோது எழுபத்திரண்டு அறுபத்தெட்டாக இறங்கியது. சிறிது நேரத்தில் அண்ணனிடமிருந்து குறட்டை வந்தது. தனபாக்கியம் இறங்கி, மெஷின் சரியில்லை என்று சொன்னாள். அந்த ஒரு நிமிஷம் ரஞ்சிதத்துக்கு மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது உண்மை. அடுத்த நிமிஷமே மறுபடி கனத்துவிட்டது.

டாக்டர் நாவலன் வந்து பார்த்தார். அவரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். இன்னும் ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுவார். "இந்த மருந்து ஐஸ்கட்டி மாதிரிம்மா. வச்சிருக்க வச்சிருக்கக் கரைஞ்சிரும். இன்னைக்கு உள்ளது இனி உதவாது" என்றார். "நாளைக்கு ஒரு தடவ பாப்போம். நாளைக்கும் ஏறலைன்னா, பதற ஆள் இல்லைன்னு முடிச்சு அனுப்புறதத் தவிர வேற வழியில்ல. படம் இல்லாம எந்தக் குழாய்ல அடைப்புன்னு தெரியாது. தெரியாம நான் கை வைக்க முடியாது. மாஸ்டர் படி ஏறாம பாத்துக்கோங்க."

பதற ஆள் இல்லை. ரஞ்சிதம் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவைத்து, பேரப்பிள்ளை வரப்போகிற வயதில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற பட்டம் இது. அதையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் படம் இல்லாவிட்டால் அந்த மனிதர் எந்தப் படியில் உட்கார்ந்துபோவார் என்று யாருக்குத் தெரியும்?

காரில் தூக்குவாளி ரஞ்சிதத்தின் மடியில் இருந்தது. மிச்ச வடை அப்படியே திரும்பி வந்தது.

வீட்டில் அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாருக்கு" என்றார்.  இத்தனை வருஷத்தில் அவருக்காக எத்தனையோ தடவை ஓடியிருக்கிறாள். மறந்துவைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியிருக்கிறாள். அப்போதெல்லாம் எழுபத்திரண்டாகத்தான் இருந்திருக்கும் போல என்று நினைத்தபோது, பாத்திரத் தொட்டியின் முன்னால் நின்றபடியே அழுதாள். அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

விரல்கட்டு நனைந்து தொங்கியது. அவிழ்த்தாள். குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டியதும் காய்ந்திருந்த காபித்தூள் கரைந்து, வெள்ளைத் தொட்டியில் கரும்பழுப்பாக இறங்கி ஓடியது. காபி வாசனை குப்பென்று எழுந்தது. ரஞ்சிதம் குழாயை மூடினாள். அழுகையையும் நிறுத்தினாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

காயம் வாய் திறந்து ரத்தம் சொட்டத் தொடங்கியது. திரும்பினால் அவர் நிற்கிறார். அதற்குள் டிரம்முக்குள் கைவிட்டு எடுத்துவிட்டார். முழங்கையில் அரிசிமாவு ஒட்டியிருக்கிறது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகைத் தூள்.

"கையக் காட்டு."

"வேணாம்."

"ரத்தம் வருதுல்ல. காட்டு."

"காபித்தூள் வேணாங்க. நாளைக்கும் நான் ஓடணும்."

அவர் கையிலிருந்த தூளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தொட்டியில் ஓடியிருந்த பழுப்புக் கோட்டைப் பார்த்தார். "நான் குடிக்கவே இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்" என்றாள் ரஞ்சிதம். டப்பா இருந்த இடம் தெரிந்தும் வெந்நீரை ஊதிக் குடித்த மனிதர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரக் கையை அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேராக வைத்தாள். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை, பேப்பர் படிக்கிற முகம்தான். விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சட்டையில் விழுந்ததும் அது இன்னும் வேகமாக அடித்தது.

"இத நாளைக்கு அங்க வந்து அடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

மஞ்சள்தூளை வைத்துக் கட்டிக்கொண்டாள். தூள் டப்பாவைத் தனபாக்கியம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பிரிசில்லா கட்டைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "நேத்தே கேட்டிருக்கணும்மா. காயத்துல வச்சாலும் காபி காபிதான். மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வந்து நிக்காங்க. இது என்ன, மஞ்சளா? மஞ்சள் பரவால்ல."

மருந்து புதிதாக வந்திருந்தது. பிரிசில்லா அவருடைய கையில் ஊசியைச் செருகித் தயாராக வைத்துக்கொண்டாள். அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு படுத்தார். ரஞ்சிதம் ஷூ கயிற்றை இழுத்துக் கட்டி டிரெட்மில்லில் ஏறினாள். வெளியே தனபாக்கியம், அண்ணனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். மெஷின்மேல் வந்த நேற்றைய கோபம் அவள் வேண்டுதலுக்கு இடைஞ்சலாக இல்லை.

பட்டை நகர்ந்தது. ரஞ்சிதம் பெட்டியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்ப்பதிலும் பிரயோஜனம் இல்லை; அது எதையும் சொல்லாது. அதனால் கண்ணாடி வழியாக அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். வெள்ளைப் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் அடக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

பட்டை மேட்டில் ஏறியது. அவள் ஓட ஆரம்பித்தாள். புடவை காலில் ஒருமுறை தட்டியது. அவருடைய வலது பாதம் முன்னால் போய் அழுந்தியது.

ரஞ்சிதம் ஓடிக்கொண்டே அதைப் பார்த்தாள். அங்கே பிரேக் எதுவும் கிடையாது, வெறும் கட்டில். பாதம் விலகியது. அவளுக்கு மூச்சு இரைத்தது. உடனே பாதம் மறுபடி அழுந்தியது. இந்தமுறை அவள் காலடியில் பட்டையும் மெதுவானது.

"மாஸ்டர், காலை எடுங்க" என்று பிரிசில்லா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நூத்திமுப்பது வந்துட்டுது. அவங்க ஓடட்டும். காலை எடுங்க மாஸ்டர்."

பாதம் விலகியது. பட்டை வேகம் பிடித்தது. அவள் நாலு எட்டு ஓடியதும் மறுபடி மிதித்துவிட்டார். பட்டை நின்றேவிட்டது. ரஞ்சிதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள்.

மைதானமும், அந்தப் பழைய காரும், கிளட்சை விட்டவுடன் வந்த குலுக்கலும் அவளுக்கு நினைவு வந்தது அப்போதுதான். சொன்னபடிதானே எல்லாம் செய்தாள். சாவியைத் திருப்பினாள், கியரைப் போட்டாள், கிளட்சை மெல்லத்தான் விட்டாள். வண்டி ஏன் நகரவில்லை என்று இத்தனை வருஷமாக யோசித்தவள், இடப்பக்கம் காலடியில் குனிந்து ஒருமுறையும் பார்த்ததில்லை.

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். எவ்வளவு பெரிய மாஸ்டர். லாரிக்கெல்லாம் கலங்காதவர். கண்ணாடிக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், "என்னங்க, நான் விழமாட்டேன். ஒரு வாரமா மொட்டை மாடில ஓடிப் பழகிருக்கேன். காலை எடுங்க" என்றாள்.

"தெரியும். ஷூ சத்தம் கேட்டுச்சு" என்றார் அவர்.

"அப்ப எடுங்க."

அவர் கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்தார். எடுத்த பாதத்தை இன்னொரு பாதத்தால் பின்னிப் பிடித்துக்கொண்டார். பட்டை நகர்ந்தது, ஏறியது, ரஞ்சிதம் ஓடினாள். பிரிசில்லா மருந்தை ஏற்றினாள். "ஏத்தியாச்சும்மா, இன்னும் ஒரே நிமிஷம் விடாம ஓடுங்க, மருந்து போய் உக்காரட்டும்" என்றாள். அந்த ஒரு நிமிஷம் முழுக்க அவர் பின்னிய கால்களோடு, கைகளைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கிடந்தார். கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கைகள் மேலே இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

ஓட்டம் முடிந்ததும், படத்துக்கு முன்னால் வராந்தாவில் உட்கார்ந்து வடை சாப்பிட்டார்கள். தனபாக்கியம் அவருக்கு எதிர்வரிசையில் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள். "நேத்து மெஷின் சரியில்லதான்" என்று மறுபடி சொன்னாள். "ஆமா தனம்" என்றாள் ரஞ்சிதம்.

அவர் இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு மைதானத்துல" என்று ரஞ்சிதம் ஆரம்பித்தாள்.

"ம்" என்றார்.

 அவர் வடையில் பாதியை அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் நாவலன் கூப்பிட்டு இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சும்மா இருக்கும்போது முழு வட்டமாக மினுங்கிய இருதயத்தில், ரஞ்சிதம் ஓடும்போது முன்பக்கத்தில் ஒரு துண்டு இருண்டிருந்தது. கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

"சதை செத்துப்போகல. செத்திருந்தா ரெண்டு படத்துலயும் இருட்டா இருக்கும். இது ரத்தம் பத்தாமத்தான் இருட்டுது. முன்னால வர்ற குழாய்ல அடைப்பு" என்றார் டாக்டர். "நல்ல வேளை, நேரத்துல பாத்தோம். ஸ்டென்ட் ஒண்ணு வச்சா சரியாப்போயிரும் மாஸ்டர். நெஞ்சைத் திறக்க வேணாம். மணிக்கட்டு வழியாவே உள்ள போயிரலாம்."

ரஞ்சிதத்துக்கு உடம்பெல்லாம் லேசானது. நேற்றிலிருந்து நெஞ்சில் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ வாங்கிக் கீழே வைத்தாற்போல இருந்தது. சங்கரலிங்கம் சட்டைக் கையை மடித்து, தன் வலது கையை மேஜைமேல் வைத்தார்.

"உங்க கை இல்ல மாஸ்டர்" என்றார் டாக்டர்.

ரஞ்சிதம் தன் இடது கையைப் பார்த்தாள். அதில் மஞ்சள் கட்டு இருந்தது. வலது கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, "பத்திரமா வச்சிருங்க" என்று அவரிடம் கொடுத்தாள். பிறகு கையைத் திருப்பி, மணிக்கட்டு மேலே தெரியும்படி டாக்டருக்கு முன்னால் வைத்தாள். டாக்டர் நாடியைத் தொட்டுப் பார்த்து, நல்ல குழாய், இது வழியாக நேரே அவருக்குப் போய்விடலாம் என்றார்.

சங்கரலிங்கம் வளையல்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் மெல்ல முன்னால் நகர்ந்து அழுந்தியது. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. சுவர்க் கடிகாரமும் நின்றது. வராந்தாவில் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்த தனபாக்கியம் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாஸ்டரிடம் படித்தவர் என்பதால் இதற்கெல்லாம் காத்திருக்கப் பழகியவர்.

"எடுங்க" என்றாள் ரஞ்சிதம்.

அவர் காலை எடுத்தார். ஃபேன் சுற்றத் தொடங்கியது.